பக்கத்து அறையை வெளியூரில் விசாரித்த சர்வர்

எங்கள் ஆஸ்பத்திரியின் சிதம்பரம் கிளையில் இப்போது நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் கவிதா போன மாதம் எனக்குப் போன் செய்தாள். உள்ளே உள்ள கணினிகளை இணையத்தோடு சேர்க்க நான் வைத்துவிட்டு வந்த பழைய கேட்வேயைக் கழற்றிவிட்டு, ரெடிமேடாக வரும் புதுப் பெட்டி ஒன்றை மாட்டப் போகிறார்களாம். நல்ல விஷயம்தான். அந்தக் கேட்வேக்கும் வயதாகிவிட்டது.

“அக்கா, ஒரு டவுட்டு. உள்ளுக்குள்ள தனியா ஒரு நேம் சர்வர் வச்சிருக்கீங்க இல்ல, அது இனிமே எதுக்கு? வெளியில ஃப்ரீயாவே எத்தனையோ இருக்குது. எல்லா சிஸ்டத்தையும் அதுக்குத் திருப்பி வுட்டா வேலை மிச்சம்தான?”

“திருப்பி வுடாத.”

“ஏங்க்கா?”

ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவளுடைய மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில், “போன்ல கேட்டா மறந்துபூடும்க்கா, எழுதிக் குடுங்க. புதுசா சேந்தவங்களுக்கும் படிக்கக் குடுப்பேன்” என்றாள். எழுதுகிறேன். என் வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

எங்களுடையது பெண்ணாடம் பக்கம் கரும்பு போடும் குடும்பம். சிதம்பரத்தில் தங்கி இயற்பியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் மேல வீதியில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தேன். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை அங்கே யாருக்கும் பிடிக்காததால் என் தலையில் விழுந்தது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸைப் போட்டு, கெடுத்து, மறுபடி போட்டுக் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகிக் கடலூர் வந்த பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தேன். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். கடலூரில் பெரிய கட்டடம், சிதம்பரத்தில் சிறிய கிளை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அங்கே ஓடிய கேபிள்கள் எல்லாம் என் பொறுப்புக்கு வந்துவிட்டன. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அப்போது நிர்வாக அதிகாரியாக இருந்தவர் நிஜாமுதீன் சார். பரங்கிப்பேட்டைக்காரர். வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் நிர்வாகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கணினி அவருக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் மாட்டார். ஒரு பிரச்சினையைக் கொண்டுபோனால் எழுந்து நின்றுவிடுவார். நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நாம் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பார். இடையில் யாராவது அறைக்குள் வந்தால் மற்றொரு கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவார். நாம் முடித்ததும் ஒரே கேள்வி.

“சரிம்மா. நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா என்னாவும்?”

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பெண் என்பதால் நம்பிக்கை இல்லையோ என்றுகூட நினைத்தேன். பிறகு பார்த்தால் தலைமை மருத்துவரிடமும் அவர் அதையேதான் கேட்டார். ‘தப்பாகாது சார்’ என்று யாராவது பதில் சொன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்துவிட்டார் என்றால் அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம். அதனால் நான் அவரிடம் போகும் முன்பே அந்தக் கேள்விக்குப் பதிலைத் தயார் செய்துகொண்டுதான் போவேன்.

ஆஸ்பத்திரிக்கு பிராட்பேண்ட் வந்தபோது, வெளி உலகத்துக்குத் தெரிகிற எண் முகவரி எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. உள்ளே லேப், வார்டு, மருந்துக் கவுண்டர், பில்லிங் என்று கணினிகள் நிறைய. அவற்றுக்கு நாங்களே உள்ளுக்குள் எண்கள் கொடுத்துக்கொண்டோம். அந்த எண்கள் எங்கள் கட்டடத்துக்கு வெளியே செல்லாது. இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட ஒரு சாதாரணக் கணினியில் லினக்ஸை ஏற்றி நடுவில் வைத்தேன். ஒரு கார்டு வெளி லைனுக்கு, இன்னொன்று உள்ளே. இதுதான் கேட்வே. உள்ளிருந்து எந்தக் கணினி வெளியே எதைக் கேட்டாலும், அதன் சொந்த எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டு அனுப்பும். பதில் வந்ததும் கேட்டது யார் என்று பார்த்து அதனிடம் சேர்க்கும். இதற்கு மாஸ்க்வரேடிங் என்று பெயர், முகமூடி போட்டு அனுப்புவது. நிஜாமுதீன் சாருக்கு டெலிபோனை வைத்து விளக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போர்டு நம்பர் ஒன்றுதான், உள்ளே எக்ஸ்டென்ஷன் பல, வெளியே இருப்பவருக்குப் போர்டு நம்பர் மட்டும்தான் தெரியும் என்றேன்.

நாற்காலியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப உள்ள எந்த எக்ஸ்டென்ஷன் யாருதுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

அதுதான் அசல் வேலை. மனிதர்கள் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ‘லேப்’ என்று பெயரைச் சொன்னால் லேப் கணினியின் எண் கிடைக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு கணினியிலும் ஒரு சின்னக் கோப்பில் எல்லாருடைய பெயரையும் எண்ணையும் எழுதி வைத்திருந்தோம். புதிதாக ஒரு கணினி வந்தால் மாடி மாடியாக ஏறி எல்லாவற்றிலும் அதைச் சேர்க்க வேண்டும். பிராட்பேண்ட் கம்பெனியின் நேம் சர்வரைக் கேட்கலாம் என்றால், அதற்கு உலகத்தில் உள்ள பெயரெல்லாம் தெரியும், எங்கள் லேபை மட்டும் தெரியாது. அதற்குத் தெரியவும் கூடாது.

ஆகவே கேட்வேயிலேயே எங்களுக்கென்று ஒரு நேம் சர்வரை அமைத்தேன். உள்ளே உள்ள பெயரைக் கேட்டால் தானே பதில் சொல்லும். வெளிப் பெயரைக் கேட்டால் கம்பெனியின் நேம் சர்வரிடம் விசாரித்து வந்து சொல்லும். ஒருமுறை விசாரித்ததைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்திருக்கும். பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்வது இந்த வேலையில் ஒரு பாதி. எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்வது மறுபாதி. இரண்டாவது இல்லாமலே இணையம் ஓடும் என்பதால் பலர் அதை விட்டுவிடுவார்கள். நான் இரண்டையும் வைத்தேன்.

சோதித்துப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். முதலில் கேட்வே தன்னைத்தானே கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்துக் கணினியிலிருந்து, அதற்கும் பிறகு தூரத்து மாடியிலிருந்து. இருக்கிற பெயரைக் கேட்டால் மட்டும் போதாது, இல்லாத பெயரையும் கேட்க வேண்டும். இல்லை என்பதைச் சட்டென்று சொல்கிறதா, இழுத்தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து வெளிப் பெயர். அடுத்து எண்ணிலிருந்து பெயர். எல்லாம் முடிந்த பிறகு நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுத்து உட்கார்ந்து, வெளியிலிருந்து எங்கள் நேம் சர்வரைக் கேட்டுப் பார்த்தேன். வெளி ஆள் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன், அது வாயைத் திறக்கவில்லை. திருப்தியாக எழுந்து வந்தேன்.

அடுத்த தகராறு பெயர்களைப் பற்றியது. எந்தக் கணினிக்கு, எந்த பிரிண்டருக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. டாக்டர்கள் தங்கள் பெயரையே கேட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்து அறையில் இருந்த மூத்த சர்ஜன், தன் அறை பிரிண்டருக்குத் தன் பெயர்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவசரப் பிரிவுக்கு வரும் லேப் ரிப்போர்ட்டும் அந்த பிரிண்டரில்தான் அச்சாகும். இடத்தின் பெயரை வைக்கலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

சில மாதத்தில் சர்ஜனுக்கு இரண்டாவது மாடியில் புது அறை கொடுத்தார்கள். தன் பெயர் உள்ள பிரிண்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் நெஞ்சு வலி என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கீழே ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். லேபில் கேட்டால் எப்போதோ அனுப்பியாயிற்று என்றார்கள். ரிப்போர்ட் மேலே பூட்டிய அறைக்குள் அச்சாகிக் கிடந்தது. நல்லவேளை, லேப் பெண் பொறுமை இழந்து, தானே ஒரு நகலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிஜாமுதீன் சார் சர்ஜனையும் என்னையும் கூப்பிட்டார். சர்ஜன் முந்திக்கொண்டார்.

“சார், என் பேர எடுத்துடச் சொல்லுங்க. காலையிலேந்து ஊர்ல இருக்கிற ரிப்போர்ட் எல்லாம் என் ரூமுக்கு வருது.”

அன்று முதல் ஆள் பெயர் கிடையாது. இடமும் வேலையும்தான் பெயர். ஆள் மாறுவார், மாடி மாறுவார். அவசரப் பிரிவு பிரிண்டர் எங்கே இருந்தாலும் அவசரப் பிரிவு பிரிண்டர்தான். சிதம்பரம் கிளையிலும் இதே மாதிரி கேட்வே ஒன்றை வைத்து, அதை இணைய லைன் வழியாக ஒரு தனிப் பாதை போட்டு எங்களோடு சேர்த்தபோது, பெயருக்கு முன்னால் ஊரைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்தேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. கவிதா இதை மாற்ற மாட்டாள் என்று நம்புகிறேன்.

இப்போது புயலுக்கு வருகிறேன்.

கடலூர்க்காரர்களுக்குப் புயல் புதிதில்லை. ஆனால் அந்த வருடம் வந்தது முந்திரித் தோப்புகளை வேரோடு படுக்கவைத்த புயல். மறுநாள் காலையில் காற்று நின்றதும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் குறுக்கே கிடந்தன. மின்கம்பங்கள் வளைந்து கிடந்தன. எந்த போனிலும் சிக்னல் இல்லை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பறந்து வந்த தகரமும் ஓடும் பட்டுக் காயம்பட்டவர்கள் வராண்டா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததுமே எல்லாரும் என்னைத்தான் தேடினார்கள். இரண்டு ஊர் நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் சர்வரில் யாராலும் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டு போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் ‘சர்வர் பதில் தரவில்லை’ என்று வருகிறது. தப்பித் தவறி உள்ளே போனாலும் அடுத்த பக்கத்தைத் திறந்தால் மறுபடி அதே கதை.

அந்த சர்வர் ஒரு சாப்ட்வேர் கம்பெனி நிறுவிக் கொடுத்தது. அதில் கை வைக்க எங்களுக்கு அனுமதி கிடையாது, ஒப்பந்தம் அப்படி. கம்பெனியின் இன்ஜினியர் பிரகாஷ் முதல் நாள்தான் சென்னையிலிருந்து வந்து அதை அப்கிரேட் செய்திருந்தார். புயலில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். நல்ல வேலைக்காரர், நிதானமானவர். நான் போனபோது சர்வர் அறையில் முகம் வெளுத்து நின்றிருந்தார்.

“மேடம், அப்கிரேட்தான் கெடுத்துடுச்சுன்னு நினைக்கிறேன். நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துது.”

அப்போது இன்டர்காமில் டயாலிசிஸ் பிரிவின் ஸ்டெல்லா சிஸ்டர் கூப்பிட்டார். கீழே போனேன். புயலால் முதல் நாள் டயாலிசிஸுக்கு வர முடியாதவர்கள் எல்லாரும் அன்று காலை வந்து சேர்ந்திருந்தார்கள். வழக்கமாக வருகிறவர்களை சிஸ்டருக்கு மனப்பாடமாகத் தெரியும், அவர்களை மெஷினில் போட்டுவிட்டார். ஒருவர் மட்டும் வெளியே சாய்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கீரப்பாளையத்துக் கலியபெருமாள். எப்போதும் சிதம்பரம் கிளைக்குப் போகிறவர். அங்கே ஜெனரேட்டர் நின்றுவிட்டதால், மரம் வெட்டி வழி செய்திருந்த இடங்களில் புகுந்து, லோடு ஆட்டோவில் அவருடைய மச்சான் இங்கே கொண்டுவந்திருந்தார்.

சிஸ்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். “மஞ்சக்காமாலை கிருமி இருக்கிறவங்களுக்குத் தனி மெஷின் செல்வி. அது இருக்கிறவர மத்த மெஷின்ல போட்டா அடுத்தவங்களுக்குப் பரவும். இல்லாதவரத் தனி மெஷின்ல போட்டா இவருக்கு ஒட்டும். இவரு எதுன்னு எனக்குத் தெரியாது. ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கேன், அங்க இருக்கிற கூட்டத்துல அது எப்ப வரும்னு தெரியல. இவரோட பழைய டெஸ்ட், எடை எல்லாம் சர்வர்லதான் இருக்குது.”

மச்சான்காரர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். “மேடம், மாமாவால படுக்கக்கூட முடியல. ராத்திரியெல்லாம் உக்காந்தே இருந்தாரு. இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?”

“பாக்குறேன்ணே” என்றேன். படியேறினேன். மனசு தெளிவாக இருந்தது. எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தது.

முதலில் ஒரு வார்டு கணினியிலிருந்து சர்வரை எண்ணைக் கொண்டு தட்டிப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. கேபிள், ஸ்விட்ச் எல்லாம் சரி. பிரகாஷிடம் சர்வரின் வேலைச் சுமையைக் காட்டச் சொன்னேன். காட்டினார். சுமையே இல்லை. வேலை ஜாஸ்தியாகித் திணறுகிற சர்வரைப் பார்த்தால் தெரிந்துவிடும், விசிறி கத்தும், டிஸ்க் விளக்கு நிற்காமல் மின்னும். இது அப்படி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தது. சும்மா இருந்துகொண்டே தாமதம் செய்கிறது என்றால் யாருடைய பதிலுக்காகவோ காத்திருக்கிறது என்று பொருள்.

யாருக்காக என்று கேட்வேயில் பார்த்தேன். உள் கார்டு வழியாகப் போவதையும் வருவதையும் வரிவரியாகத் திரையில் காட்டும் ஒரு கருவி லினக்ஸில் உண்டு. ஓடவிட்டேன். ஒரு வார்டிலிருந்து லாகின் செய்யச் சொன்னேன். சர்வர் உடனே ஒரு கேள்வியை வெளியே அனுப்பியது: இந்த எண்ணுக்கு உரியவர் பெயர் என்ன? அந்த எண் எங்கள் வார்டு கணினியுடைய எண். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே கேள்வி. மறுபடியும் பதில் இல்லை. லேபிலிருந்து லாகின் செய்தால் லேப் எண்ணைப் பற்றி அதே விசாரணை.

புரிந்துவிட்டது. யார் உள்ளே வந்தாலும் அவர் பெயரைப் பதிவு செய்து வைப்பது அந்த சர்வரின் பழக்கம். அதற்காக எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்கிறது. கேட்பது எங்கள் நேம் சர்வரிடம் இல்லை. கம்பெனி எல்லா ஊரிலும் செய்வதுபோல, வெளியே உள்ள ஒரு பொது நேம் சர்வரின் முகவரியை அதில் போட்டுவிட்டுப் போயிருந்தது. லைன் நன்றாக இருந்த நாட்களில் வெளியே இருப்பவர் ‘எனக்குத் தெரியாது’ என்று கண நேரத்தில் சொல்லிவிடுவார். சர்வரும் சரி என்று விட்டுவிடும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. புயலில் லைன் அறுந்த பிறகு தெரியாது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் கணினியின் பெயரைக் கேட்டு, அறுந்துபோன கம்பியில் கூப்பிட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது.

பிரகாஷ் திரையைக் குனிந்து பார்த்தார். “இருக்கலாம் மேடம். ஆனா அப்கிரேடும் நேத்துதான், லைன் போனதும் நேத்துதான். ரெண்டுல எதுன்னு எப்படிச் சொல்றது? சர்வர் செட்டிங்க மாத்தறதுக்கும் எனக்கு ஆபீஸ் பர்மிஷன் வேணும், போன் இல்ல.” அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

நிஜாமுதீன் சார் வந்துவிட்டார். சர்வர் அறையில் நாற்காலி கிடையாது. ரேக்கின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, நீங்க சொல்லுங்க.”

“அப்கிரேடுக்கு முன்னாடி எடுத்த பேக்கப்ப திருப்பிப் போட்டுடலாம் சார். மத்தியானம் வரைக்கும் ஆவும். எங்க கம்பெனி முறை இதுதான்.”

“தப்பாப் போச்சுன்னா என்னாவும்?”

பிரகாஷ் மறைக்கவில்லை. “நேத்துலேந்து சேந்த பேஷன்ட் என்ட்ரி எல்லாம் போயிடும் சார். அப்புறமும் சரியாவலைன்னா, அடுத்து என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

“செல்வி, நீ?”

“சர்வரத் தொட வேணாம் சார். அது வெளிய கேக்குற கேள்வி எல்லாம் நம்ம கேட்வே வழியாத்தான் போவுது. கேட்வேல ஒரு ரூல் போடுறேன். பேரு விசாரிச்சு எது வெளிய போனாலும் அத மடக்கி, நம்ம நேம் சர்வர்கிட்டயே குடுத்துடும். வெளியேந்து பதில் வந்த மாதிரியே சர்வருக்குப் போய்ச் சேரும்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“ரூல எடுத்துடுவேன் சார். இப்ப எப்படி இருக்குதோ அப்படியே இருக்கும். அஞ்சு நிமிஷம் போயிருக்கும், அவ்வளவுதான்.”

ரேக்கிலிருந்து கையை எடுத்தார். “அப்ப செல்விது மொதல்ல. தம்பி, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. ஆவலைன்னா அடுத்து உங்களுது.”

நான் ஒரே ஒரு வரியைத் தட்டினேன். தட்டிய பிறகு அதை வாய்விட்டுப் படித்தேன், பிரகாஷ் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். என்டர் தட்டினேன். திரையில் அடுத்த விசாரணை வந்தது. இந்த முறை அதற்குக் கீழேயே பதில் வரி: பெண்கள் வார்டு. அடுத்தது: லேப். அடுத்தது: மருந்துக் கவுண்டர். பதில்கள் படபடவென்று விழுந்தன. எண்ணிலிருந்து பெயர் சொல்லும் அந்த மறுபாதி வேலையை, அதுவரை யாருமே கேட்டுப் பயன்படுத்தாத பகுதியை, எங்கள் நேம் சர்வர் ஒரு விக்கல் இல்லாமல் செய்தது.

பிரகாஷ் மூச்சை விட்டார். “அப்கிரேட் இல்ல மேடம்” என்றார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

இன்டர்காம் அடித்தது. ஸ்டெல்லா சிஸ்டர். “தொறந்துடுச்சு செல்வி. இவருக்குக் கிருமி இல்ல. நாலாம் மெஷின்ல போடறேன்.” வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே போய்ப் பார்த்தேன். கலியபெருமாள் சாய்ந்து படுத்திருந்தார். மச்சான்காரர் தரையில் உட்கார்ந்தபடி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். அவருடைய சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. நான் எழுப்பவில்லை. கலியபெருமாள் அதன் பிறகும் பல வருடம் சிதம்பரம் கிளைக்கு வந்துகொண்டிருந்தார். நான் அங்கே போகும் நாட்களில் என்னைப் பார்த்தால், “சிஸ்டம் மேடம், சாப்டீங்களா?” என்று கேட்பார். அவருக்கு அன்று என்ன நடந்தது என்று தெரியாது. நானும் சொன்னதில்லை.

பிரகாஷ் ஊர் திரும்பியதும் தன் ஆபீசில் பேசி, சர்வரை நிறுவும்போது அந்தந்த இடத்து நேம் சர்வரையே கேட்கும்படி வைக்க வேண்டும் என்று அவர்கள் வழக்கத்தையே மாற்ற வைத்தார். எங்கள் சர்வரையும் அனுமதியோடு திருத்தினார். என் ரூலை மட்டும் நான் எடுக்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன்.

நிஜாமுதீன் சார் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. தெருவில் கரண்ட் வந்த பிறகு ஒரு நாள் கூப்பிட்டார். எழுந்து நின்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“செல்வி, லைன் போனதால ஒரு சர்வர் நின்னுச்சு. லைன் போனா இன்னும் என்னென்ன நிக்கும்?”

யோசித்தேன். “முழுசாத் தெரியல சார்.”

“அப்ப நாமளே புடுங்கிப் பாத்துடுவோம்.”

அப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பமானது. ஓபி இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட்டு, கேட்வேயிலிருந்து வெளி லைனைக் கழற்றிவிடுவேன். பிறகு மாடி மாடியாக நடப்பேன். என்ன நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு வந்து சரி செய்வேன். முதல் தடவை மருந்துக் கவுண்டரில் டோக்கன் போர்டு நின்றது, அது மணி என்ன என்று வெளியே எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே அறையில் படம் திறக்கவில்லை. ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்திப் பார்க்கிறீர்கள் என்று டாக்டர்கள் சண்டைக்கு வந்தார்கள். “புயல் வந்து நிறுத்துறதுக்கு நாம நிறுத்திப் பாக்கறது மேல் டாக்டர்” என்று நிஜாமுதீன் சார் அவர்களை வாசலிலேயே வைத்துப் பதில் சொல்லி அனுப்பினார். அவர் ஓய்வு பெற்றுப் பரங்கிப்பேட்டைக்குப் போன பிறகும் நான் அந்த வழக்கத்தை விடவில்லை.

என் கடைசி வேலை நாள் ஒரு வாரநாள். சாயங்காலம் சால்வை, பேச்சு எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. காலையில் புது நிர்வாக அதிகாரியிடம் போய், இன்று ஓபி நடக்கும்போதே ஒருமுறை லைனைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றேன். தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். சரி என்றார்.

கழற்றினேன். நடந்தேன். வராண்டாவில் நல்ல கூட்டம். மருந்துக் கவுண்டரில் டோக்கன் நம்பர் மாறிக்கொண்டிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் சிரப் பாட்டிலை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். எக்ஸ்ரே அறையில் ஒரு கையெலும்பு திரையில் விரிந்தது. லேபில் ரிப்போர்ட் அச்சாகி, அவசரப் பிரிவில் போய் விழுந்தது. டயாலிசிஸில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. கணக்குப் பிரிவைக் கடந்தபோது மட்டும் உள்ளிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

“மேடம், நெட்டு போயிடுச்சா? மேட்ச் ஸ்கோர் வரல.”

“வந்துடும்” என்றேன்.

மேலே போய் லைனை மாட்டும்வரை என் போன் கையிலேயே இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.